சடகிச்சி ஹார்ட்மன்: எழுதியே பிழைத்த ஒரு மனிதர்

புலம்பெயர்ந்து போன நாட்டில் கலை பற்றிப் பத்திரிகைகளில் எழுதிப் பிழைத்து, கூடவே கவிதையும் எழுதிய ஒருவருடைய வாழ்க்கையை விரிவாகச் சொல்ல முடியுமா, அந்த எழுத்து அவருக்குச் சோறு போட்டதா என்பது கேள்வி. பலர் உடனே பிரெஞ்சுக் கவிஞர் அப்போலினேரைச் சொல்வார்கள். ரோமில் பிறந்து, பாரிஸில் ஓவிய விமர்சனம் எழுதி, பிகாசோவோடு திரிந்தவர். அவரைப் பற்றி எழுதித் தள்ளியாகிவிட்டது. நான் சொல்லப்போகிறவர் அவ்வளவு பேர் எடுக்காத சடகிச்சி ஹார்ட்மன். சோறு போட்டதா என்றால், அரைகுறையாகப் போட்டது.

இவரைப் பற்றித் தேடினால் முதலில் அகப்படுவது வேடிக்கைக் கதைகள்தான். மேடையில் வாசனையை வைத்துக் கச்சேரி நடத்தப் போய்க் கூச்சல் வாங்கியது, ஹாலிவுட் நடிகர்களோடு குடித்துக் கூத்தடித்தது, பார்த்தவரிடமெல்லாம் கைமாற்றுக் கேட்டது. எல்லாம் உண்மை. ஆனால் மனிதரை அதோடு முடித்துவிடுகிறார்கள் என்பதுதான் என் குறை. கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு பத்திரிகைகளுக்கு அவர் எழுதிக் கொடுத்ததில்தான் அவருடைய நிஜமான மதிப்பு இருக்கிறது என்பேன்.

அவர் பிறந்தது 1867இல், நாகசாகித் துறைமுகத்தை ஒட்டிய தெஜிமாவில். போர்த்துகீசிய வணிகர்களை அடைத்து வைப்பதற்காக ஜப்பானியர் முன்பு உருவாக்கி, பிறகு டச்சு வணிகர்களை வைத்திருந்த செயற்கைத் தீவு அது. தந்தை ஜெர்மானிய வணிகர், தாய் ஒசாடா என்ற ஜப்பானியப் பெண். பிள்ளை பிறந்த கொஞ்ச காலத்திலேயே தாய் இறந்துவிட்டார். பையனை ஹாம்பர்க்கில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். வசதியான வீடு, புத்தகங்களும் படங்களும் நிறைந்த சூழல். தந்தை அவனைக் கடற்படைப் பள்ளியில் சேர்த்தார். அவன் பாரிஸுக்கு ஓடிப்போனான். கோபம் கொண்ட தந்தை சொத்தில் பங்கில்லை என்று சொல்லி, 1882இல் அமெரிக்காவில் ஃபிலடெல்பியாவில் இருந்த உறவினரிடம் கப்பல் ஏற்றிவிட்டார். அப்போது வயது பதினான்கு. அதாவது, இவர் கனவு கண்டு குடியேறியவர் இல்லை. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு வந்தவர்.

ஃபிலடெல்பியாவில் பகலில் கிடைத்த கூலி வேலைகள், மிச்ச நேரத்தில் நூலகம். ஆற்றைக் கடந்தால் கேம்டன். அங்கே மிக்கிள் தெருவில் ஒரு சின்ன வீட்டில் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் குடியிருந்தார். 1884இல் பையன் நேராகப் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினான். விட்மனுக்கு அறுபத்தைந்து வயது, இவனுக்குப் பதினேழு. நீ ஜப்பானியப் பையன்தானே என்று கிழவர் கேட்டாராம். அப்பா ஜெர்மானியர், அம்மா ஜப்பானியர் என்று இவன் விளக்க வேண்டியிருந்தது. அடுத்த அறுபது ஆண்டுகளும் இந்த விளக்கம் அவரை விடவில்லை.

அடிக்கடி போக ஆரம்பித்தான். விட்மன் பேசுவதை எல்லாம் மனதில் வாங்கி எழுதி வைத்துக்கொண்டான். இங்கேதான் அவருக்குள் இருந்த பத்திரிகைக்காரர் எட்டிப் பார்க்கிறார். 1887இல் பாஸ்டனில் விட்மன் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி, யார் யார் நிர்வாகிகள் என்று அறிவித்தும் விட்டார். சம்பந்தப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை! 1889இல், சக எழுத்தாளர்களைப் பற்றி விட்மன் வீட்டுக்குள் சொன்ன அபிப்பிராயங்களை நியூயார்க் ஹெரால்டு பத்திரிகையில் போட்டுவிட்டார். சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று என்று விட்மன் வருத்தப்பட்டார். சுற்றி இருந்தவர்கள் கொதித்தார்கள். ஆனால் கிழவர் பையனை முழுக்கக் கைவிடவில்லை. மற்றவர்கள் அவனைப் போலி என்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை என்ற பொருளில் அவர் பேசியது பதிவாகியிருக்கிறது. 1895இல் ஹார்ட்மன் இந்த உரையாடல்களைச் சிறு நூலாகவே வெளியிட்டார்.

நடுவில் சில முறை ஐரோப்பா போய் வந்தார். பாரிஸில் கவிஞர் மல்லார்மே வீட்டில் செவ்வாய்க்கிழமைதோறும் நடக்கும் கூட்டத்துக்குப் போய், அதைப் பற்றி எழுதினார். பிரெஞ்சுக் குறியீட்டியம், அதாவது நேரடியாகச் சொல்லாமல் குறியீடுகளால் உணர்த்தும் இலக்கிய முறை, என்ன என்பது அமெரிக்காவில் பெரும்பாலோருக்குத் தெரியாத காலம். அந்த மோகத்தில் கிறிஸ்துவை வைத்து ஒரு குறியீட்டு நாடகம் எழுதி 1893இல் அச்சிட்டார். பாஸ்டன் சும்மா விடுமா? ஆபாசம் என்று வழக்கு, கைது. பிரதிகளை எரித்தார்கள். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் அவருக்குச் சிறையில் போனது. அதே ஆண்டு சொந்தமாக ஒரு கலைப் பத்திரிகையும் தொடங்கியிருந்தார். மூன்றே இதழ்களில் அது நின்றுபோனது. நாடகத்தைப் பொறுத்தவரை, இன்று படித்தால் ஆபாசமும் இல்லை, பெரிய நாடகமும் இல்லை. சிறைக்குப் போகும் அளவுக்கு அதில் ஒன்றும் கிடையாது.

1894இல் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. இதைச் சாதாரணமாகத் தாண்டிப் போக முடியாது. அன்றைய சட்டப்படி வெள்ளையருக்கும், 1870க்குப் பிறகு ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே குடியுரிமை பெறும் வழி இருந்தது. அதே 1894இல் மாசசூசெட்ஸில் ஒரு நீதிமன்றம், ஜப்பானியர் வெள்ளையர் ஆகமாட்டார் என்று சொல்லி ஒருவருடைய மனுவைத் தள்ளியது. 1922இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது, மறு வருஷம் இந்தியருக்கும் அதே தீர்ப்பு. ஹார்ட்மன் தப்பியதற்கு ஜெர்மானியத் தந்தைதான் காரணமாக இருக்க வேண்டும். சொத்தில் ஒரு பைசா தராத தந்தையிடமிருந்து அவருக்குக் கிடைத்த ஒரே ஆஸ்தி அது என்றும் சொல்லலாம்.

அப்புறம் நியூயார்க். அவருடைய உழைப்பு உச்சத்தில் இருந்த காலம் இது. 1898 முதல் நாலைந்து வருஷம், நியூயார்க்கில் வந்துகொண்டிருந்த ஜெர்மன் மொழி நாளிதழான ஸ்டாட்ஸ் சைட்டுங்கில் நகர வாழ்க்கைச் சித்திரங்களை நூற்றுக்கணக்கில் எழுதினார். குடியேறியவர்களுக்காகக் குடியேறிய ஒருவர் எழுதியவை. அதே 1898இல் புகைப்படக் கலைஞர் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ் அறிமுகமானார். புகைப்படம் கலையா, இயந்திர வேலையா என்ற சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். அது கலைதான் என்று நிறுவுவதற்காக ஸ்டீக்லிட்ஸ் முதலில் கேமரா நோட்ஸ், பிறகு 1903இலிருந்து கேமரா வொர்க் என்று பத்திரிகைகள் நடத்தினார். இரண்டிலும் முக்கியமான விமர்சகர் ஹார்ட்மன்.

1900இல் கேமரா நோட்ஸில் வந்த ஒரு கட்டுரையில் அவர் கேட்டது இதுதான்: நியூயார்க்கில் இருந்துகொண்டு நியூயார்க்கைப் படம் எடுக்காமல் ஏன் இருக்கிறீர்கள்? அன்றைய கலைப் புகைப்படக்காரர்கள் மூடுபனி, ஆட்டு மந்தை, அங்கி அணிந்த பெண்கள் என்று எங்கோ பழைய ஐரோப்பிய ஓவியத்துக்குள் குடியிருந்தார்கள். இவரோ தலைக்கு மேல் ஓடும் ரயில், வானளாவிய கட்டடங்கள், துறைமுகம், தெருக் கூட்டம் ஆகியவற்றைக் காட்டி, அழகு இங்கேயே இருக்கிறது, கண்ணைத் திறந்து பாருங்கள் என்றார். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு அது தினம் பார்க்கும் அழுக்கு. கப்பலில் வந்து இறங்கியவர் கண்ணுக்குத்தான் அது படமாகத் தெரிந்தது.

இன்னொரு உதாரணம். 1903 அக்டோபரில் வந்த கேமரா வொர்க் நான்காம் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் கட்டி முடித்திருந்த ஃபிளாட்அயர்ன் கட்டடத்தை, பனிக்கு நடுவே ஸ்டீக்லிட்ஸ் எடுத்த படம் அதில் இருக்கிறது. இஸ்திரிப் பெட்டி மாதிரி முக்கோணமாக நிற்கும் அந்தக் கட்டடம் அழகா, அசிங்கமா என்று ஊரே வாதாடிக்கொண்டிருந்தது. இதழில் அந்தக் கட்டடத்தைப் பற்றி ஒரு கட்டுரை, எழுதியவர் சிட்னி ஆலன். அதே கட்டடத்தைப் பற்றி ஒரு கவிதை, எழுதியவர் சடகிச்சி ஹார்ட்மன். இரண்டு பேரும் ஒரே ஆள்தான். சிட்னி ஆலன் என்பது அவர் புகைப்படப் பத்திரிகைகளுக்காக வைத்துக்கொண்ட புனைபெயர். கேட்பதற்குச் சுத்தமான ஆங்கிலேயப் பெயர். ஊர் ஊராகப் போய் ஸ்டூடியோக்காரர்களிடம் பாடம் எடுத்தவர் ஆலன். வாதம் செய்வது ஆலனுக்கு, உருகுவது சடகிச்சிக்கு என்று பிரித்து வைத்திருந்தார் போலிருக்கிறது. சந்தைக்கு எந்தப் பெயர் எங்கே செல்லும் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அவருடைய கட்டுரைகளில் அதிகம் பேசப்படுவது 1904இல் வந்த ஒன்று. சூழலைச் சொன்னால்தான் அதன் துணிச்சல் புரியும். ஸ்டீக்லிட்ஸ் கூட்டத்தார் அப்போது பிசின் அச்சு முறையில் மயங்கிக் கிடந்தார்கள். பிசின், வண்ணப்பொடி, ஒளி பட்டால் இறுகும் ரசாயனம் மூன்றையும் கலந்து காகிதத்தில் பூசி, நெகட்டிவை வைத்து வெயில் காட்டி, பிறகு தண்ணீரில் கழுவுவார்கள். ஒளி படாத இடம் கரைந்து போகும். கழுவும்போதே தூரிகையால் தேய்த்து, வேண்டாததை அழித்து, வேண்டியதைக் கூட்டலாம். சிலர் நெகட்டிவையே ஊசியால் கீறினார்கள். கடைசியில் படம் கரிக்கோல் ஓவியம் போலவோ செதுக்கு அச்சு போலவோ வரும், எல்லோரும் ஆஹா என்பார்கள். பிட்ஸ்பர்கில் நடந்த அவர்களுடைய கண்காட்சியைப் பார்த்துவிட்டு ஹார்ட்மன் எழுதினார்: புகைப்படம் புகைப்படமாக இருக்கட்டும். கேமராவை நம்புங்கள், கண்ணை நம்புங்கள், காட்சிக்காகவும் ஒளிக்காகவும் பொறுமையாகக் காத்திருங்கள், எடுக்கும்போதே சரியாக எடுங்கள், பிறகு தடவிக் கொட்டாதீர்கள். தன்னை வளர்த்துவிட்ட கூட்டத்தையே நேருக்கு நேர் சாடிய கட்டுரை இது. அந்த வருஷமே ஸ்டீக்லிட்ஸோடு உறவு முறிந்தது, 1908இல்தான் மறுபடி சேர்ந்தது. 1917இல் கேமரா வொர்க் நின்றபோது கடைசி இதழ்களில் வந்தவை பால் ஸ்ட்ராண்டின் தடவல் இல்லாத நேரடிப் படங்கள். இவர் கேட்டதை அந்தப் பத்திரிகையே பதின்மூன்று வருஷம் கழித்துச் செய்தது.

1901இல் இரண்டு பாகங்களாக அமெரிக்கக் கலையின் வரலாற்றை எழுதினார். பல காலம் பாடநூலாகவே இருந்த புத்தகம். வின்ஸ்லோ ஹோமர், தாமஸ் ஈக்கின்ஸ் என்ற இரண்டு ஓவியர்களையும் அவர் அதில் உயர்த்திப் பேசினார். ஈக்கின்ஸை அன்றைக்கு மதித்தவர்கள் குறைவு. இன்று எந்த அருங்காட்சியகத்தில் கேட்டாலும் அந்த இரண்டு பெயரும் முன்வரிசையில் வரும். ஜப்பானில் பிறந்து, ஜெர்மனியில் வளர்ந்த ஒருவர், உங்கள் கலை இதுதான் என்று அமெரிக்கர்களுக்கே எழுதிக் கொடுத்தார். அதில் ஒரு சுகமும் அவருக்கு இருந்திருக்கும்.

சரி, அந்த வாசனைக் கச்சேரி. 1902 நவம்பர் 30, ஞாயிறு இரவு, நியூயார்க் தியேட்டர். பதினாறு நிமிடத்தில் ஜப்பானுக்கு ஒரு பயணம் என்று விளம்பரம். மின்விசிறிகளை வைத்து ஒன்றன்பின் ஒன்றாக வாசனைகளை அரங்குக்குள் வீசச் செய்து, நாடு நாடாகப் பயணம் போகும் உணர்வை உண்டாக்குவது திட்டம். வந்திருந்ததோ பாட்டும் கோமாளித்தனமும் பார்க்க டிக்கெட் எடுத்த கூட்டம். கிண்டலும் கூச்சலும் கிளம்ப, சில நிமிடங்களிலேயே நிறுத்திவிட்டு இறங்க வேண்டியதாயிற்று. ஜப்பான் வரை வாசனை போகவே இல்லை. யோசித்துப் பார்த்தால் யோசனை ஒன்றும் மட்டமில்லை. இன்றைக்கு இதையே ஓர் அருங்காட்சியகத்தில் செய்தால் வரிசையில் நிற்பார்கள். இடம் தவறிப்போனது, அவ்வளவுதான்.

கவிதைக்கு வருவோம். 1904இல் ஒரு தொகுப்பு, 1913இல் ரூபாயத்து என்ற பெயரோடு ஒரு நீள்கவிதை, 1915இல் தங்கா என்ற ஐந்தடி ஜப்பானியக் கவிதையும் ஹைக்கூவுமாகப் பதினான்கு கவிதைகள் கொண்ட சின்னப் புத்தகம். ஆங்கிலத்தில் நேரடியாக அந்த வடிவங்களை முயன்ற முதல் சிலரில் இவர் ஒருவர். இதில் ஒரு முரண் உண்டு. கைக்குழந்தையாக ஜப்பானை விட்டவர், அவருக்கு ஜப்பான் என்பது அச்சுப் படங்களும் புத்தகங்களும்தான். ஜப்பானியக் கலை பற்றி அவர் எழுதிய நூலும் அப்படி உண்டானதே. அமெரிக்கர்கள் அவர் முகத்தைப் பார்த்து ஜப்பானை எதிர்பார்த்தார்கள், இவரும் தயாரித்துக் கொடுத்தார். அதற்காகக் கவிதைகளைப் போலி என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு தங்காவில், இது பனிக்காலமா வசந்தமா என்ற கேள்வியோடு தொடங்குகிறார். பிளம் மரத்தின் வெள்ளை மொட்டுகள் பறந்து பனியோடு கலந்துவிடுகின்றன, எது பூ எது பனி என்று தெரியவில்லை. நீல வானம் இன்னும் வரவில்லை. ஆனால் மணம் மட்டும் வசந்தம் வருகிறது என்று சொல்லிவிடுகிறது. ஜப்பானிய மூலத்தில் இல்லாத இயைபுத் தொடைகளை இவர் ஆங்கிலத்துக்காகச் சேர்க்கிறார், அது சில இடங்களில் கொஞ்சம் இனிப்புத் தட்டுகிறது. இந்தக் கவிதையில் பொருந்துகிறது. வாசனைக் கச்சேரியில் மேடையில் முடியாமல் போனது இந்த ஐந்து அடியில் நடந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

ஓர் இடைச்செருகல்: அடுத்த ஆண்டு, 1916இல், பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதினார். அவர் எடுத்துக்கொண்டது யோனே நோகுச்சியை. நோகுச்சியும் அமெரிக்காவுக்குக் குடியேறி ஆங்கிலத்தில் எழுதிய ஜப்பானியர்தான், ஆனால் ஊர் திரும்பியவர். திரும்பிப் போக ஊர் இருந்தவரின் பெயர் கல்கத்தாப் பத்திரிகை வழியாகப் புதுச்சேரி வரை வந்தது. ஹார்ட்மன் பெயர் வரவில்லை.

பணம் ஒருபோதும் நிலைக்கவில்லை. முதல் மனைவியிடம் ஐந்து பிள்ளைகள், பிறகு லில்லியன் பான்ஹம் என்ற ஓவியரோடு வாழ்ந்து ஏழு பிள்ளைகள். கட்டுரைக் கூலியில் இத்தனை வயிறு எப்படி நிறையும்? புரவலர்களுக்கு உதவி கேட்டுக் கடிதம் எழுதுவதே இன்னொரு தொழில் மாதிரி ஆகிவிட்டது. கூடவே குடியும் ஆஸ்துமாவும். நியூயார்க்கில் கலைஞர்கள் கூடி வாழ்ந்த கிரீனிச் வில்லேஜ் பகுதியில் அவரை நாடோடிக் கலைஞர்களின் அரசர் என்று பட்டம் சூட்டிக் கொண்டாடினார்கள். அந்தப் பட்டத்தை வைத்து வாடகை கொடுக்க முடியாது. மூச்சுக்காக வறண்ட காற்றைத் தேடிக் கலிஃபோர்னியா போனார்.

1924இல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் எடுத்த பாக்தாத் திருடன் படத்தில் அரசவை மந்திரவாதியாகக் கொஞ்ச நேரம் வருகிறார். ஒல்லியான, நெடிய அந்த உருவத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. லண்டன் நாடகப் பத்திரிகை ஒன்றுக்கு ஹாலிவுட் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தார். கடைசிக் காலத்தில் ஓவியர் ஜான் டெக்கர் வீட்டில் கூடும் நடிகர்களான ஜான் பேரிமோர், டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் ஆகியோரின் குடிவட்டத்தில் இவரும் ஒருவர். அங்கே வந்துபோன ஜீன் ஃபௌலர் என்ற பத்திரிகையாளர் 1954இல் எழுதிய புத்தகம்தான் இவர் பெயரைக் காப்பாற்றியது, ஒரு கோமாளியாக. முன்பே சொன்னேனே, குறை என்று. அது இங்கிருந்து வந்ததுதான்.

பேனிங் என்ற ஊருக்குப் பக்கத்தில், மொரோங்கோ பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலத்தில் மகள் வீட்டருகே ஒரு சிறு குடிசை போட்டுக்கொண்டு வாழ்ந்தார். 1941 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது. 1942 பிப்ரவரியில் வந்த ஆணைப்படி மேற்குக் கடற்கரையிலிருந்து சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள், பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். ஹார்ட்மனுக்கோ தாய் வழியிலும் எதிரி நாடு, தந்தை வழியிலும் எதிரி நாடு. முகாமுக்கு அனுப்பவில்லை. ஆனால் எஃப்.பி.ஐ. விசாரணையும் அக்கம்பக்கத்துச் சந்தேகமும் கிழவரை விடவில்லை. அமெரிக்கக் கலைக்கு வரலாறு எழுதிய, ஐம்பது வருஷமாகக் குடிமகனாக இருந்தவரின் நிலை இது. 1944 நவம்பரில் இன்னொரு மகளைப் பார்க்க ஃப்ளோரிடா போன இடத்தில், செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இறந்தார். அடுத்த ஆண்டு பைசாவில் இராணுவக் காவலில் இருந்த அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்டு எழுதிய கவிதையில், இவரைப் போல இன்னும் சிலர் இருந்திருந்தால் மன்ஹாட்டன் வாழ்க்கை வளமாகியிருக்கும் என்று ஒரு குறிப்பு வருகிறது.

அவருடைய தாள்கள் ரிவர்சைடில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அங்கிருந்து ஹாரி லாட்டனும் ஜார்ஜ் நாக்ஸும் 1970களில் அவருடைய எழுத்துகளைத் தேடித் தொகுக்க ஆரம்பித்தார்கள். 1978இல் வந்த புகைப்படக் கட்டுரைத் தொகுப்புதான் அவரை விமர்சகராக மீட்டது. கலை விமர்சனங்களை ஜேன் கல்ஹூன் வீவர் 1991இலும், கவிதைகளை ஃப்ளாய்டு சங் 2016இலும் தொகுத்தார்கள்.

எங்கே தொடங்குவது என்றால், 1904 கட்டுரையை முதலில் படியுங்கள். காப்புரிமை முடிந்துவிட்டது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அடுத்து கேமரா வொர்க் நான்காம் இதழ், படத்தையும் கட்டுரையையும் கவிதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. தங்காக்கள் ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். விட்மன் உரையாடல்களைப் படிக்கும்போது, விட்மன் அதை ஒத்துக்கொள்ளவில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தர், கன்ஃபூசியஸ் என்று அவர் எழுதிய மத நாடகங்களை விட்டுவிடலாம், இழப்பொன்றும் இல்லை.